கடைத்தெருவும் பட்டர்வொர்த்தும்: பினாங்கில் ஓர் இடம் செழிக்க இன்னோர் இடம் தேய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு நடப்பது என் வழக்கம். காலை ஏழரைக்குக் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் கூடுவோம். கடைத்தெரு, பினாங்கு ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் என்று சுற்றிவிட்டு பெர்ரித் துறையில் முடிப்போம். விருப்பப்பட்டவர்கள் என்னோடு கடல் தாண்டி பட்டர்வொர்த்துக்கும் வருவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கோலாலம்பூரிலிருந்து வரும் குடும்பங்கள், சின்ன வயதில் இங்கே வளர்ந்து இப்போது சுங்கை பட்டாணியில் இருக்கும் அக்காமார் என்று பலரும் வருகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நடந்துகொண்டே பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கடைத்தெரு என்று நீங்கள் சொல்வது எந்தத் தெரு?

மார்க்கெட் ஸ்திரீட். பலகையில் லெபோ பசார் என்று இருக்கும். நம்மவர்கள் அதைக் கடைத்தெரு என்றே சொல்லி வந்தார்கள். பட்டர்வொர்த் என்பது எதிர்க்கரையில், ரயிலும் பெர்ரியும் சந்திக்கிற ஊர். பழையவர்கள் அதைப் பாகான் என்பார்கள். பினாங்கு மாநிலம் என்றால் தீவு மட்டும் இல்லை, எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையும் சேர்ந்ததுதான். இதை மறந்துவிட்டால் கீழே உள்ள பாதி விஷயம் புரியாது.

இவ்வளவு கூட்டமும் வெளிச்சமுமாக இருக்கிற இந்த ஊர் ஒரு காலத்தில் நொடித்துப் போயிருந்தது என்கிறீர்களே, அது எப்படி?

1786-ல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கிய காலத்திலிருந்து பினாங்கு தீர்வை இல்லாத் துறைமுகம். சுமத்ராவிலிருந்து மிளகும் ரப்பரும் வரும், தமிழ்நாட்டிலிருந்து துணியும் மளிகையும் வரும், இங்கிருந்து பிரிந்து போகும். கப்பல் ஆழத்தில் நிற்க, தொங்கான் என்னும் சரக்குப் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். கரையில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். செட்டியார்களின் கிட்டங்கி, தமிழ் முஸ்லிம்களின் மொத்த வியாபாரம், நாணயம் மாற்றும் கடை, தையல்காரர், பூக்கட்டுபவர், சாப்பாட்டுக்கடை எல்லாமே அந்தத் துறைமுகத்தை நம்பி எழுந்தவை.

1963-ல் மலேசியாவுக்கு எதிராக இந்தோனேசியா தொடங்கிய மோதல் சுமத்ரா வியாபாரத்தைப் பெரிதும் கெடுத்தது. 1969-ல் தீர்வை இல்லாத் துறைமுகம் என்ற தகுதியும் போனது. அதோடு பெரிய கப்பல்கள் நேரே வந்து கட்டும் ஆழ்கடல் துறைமேடைகள் பட்டர்வொர்த் பக்கம் எழுந்தன. பிறகு கொள்கலன் வந்தது. நாற்பது பேர் இரண்டு நாள் இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி ஒரு மணி நேரத்தில் இறக்கினால், மூட்டை தூக்கியவர் எங்கே போவார்? அவர் சாப்பிட்ட கடையும் அவருக்குச் சட்டை தைத்த கடையும் அவரோடு சேர்ந்தே இளைத்தன.

என் தாத்தா துறைமுகத்தில் வேலை செய்தவர். அப்பா கடைத்தெரு ஐந்தடியில், அதாவது கடைவீட்டு முன்தாழ்வாரத்தில், தையல் மெஷின் போட்டவர். தாத்தாவின் வேலை போனதால் அப்பாவுக்கு ஆர்டர் குறைந்தது என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. அதுவரை, அப்பாவுக்குக் கை ராசியில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் பாயான் லெப்பாஸ் மட்டும் எப்படி எழுந்தது?

அது தானாக எழவில்லை. 1969-ல் முதலமைச்சரான துன் டாக்டர் லிம் சொங் இயூ பொறுப்பேற்றபோது மாநிலத்தில் வேலையில்லாதோர் விகிதம் இரட்டை இலக்கத்தில் இருந்தது. துறைமுகத்தை நம்பி இனிப் பயனில்லை என்று முடிவு செய்து, தீவின் தெற்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1972-ல் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கினார்கள். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் திறந்தது. ஹியூலட் பேக்கார்ட், ஏஎம்டி, பாஷ், ஹிட்டாச்சி எல்லாம் அந்த முதல் அலையில் வந்தவை. கம்போங் (கிராமத்து) வீடுகளிலிருந்து இளம்பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார்கள். பல குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் கொண்டுவந்தது வீட்டு மகள்தான்.

பினாங்கைக் காப்பாற்றிய முடிவு அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை தெற்கே போனதும் வீடும் தெற்கே போனது. பாயான் பாரு என்று புதுநகரமே கட்டினார்கள். சம்பாதிக்கிற வயதில் இருந்தவர்கள் அங்கே போக, பழைய ஊரில் வயதானவர்களும் வாடகை குறைவு என்பதற்காக இருந்தவர்களும் மிஞ்சினார்கள். இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஓர் ஊர் ஏறியது, ஓர் ஊர் இறங்கியது.

அப்போதே பழைய ஊரைப் புதுப்பிக்க யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். கொம்தார் கோபுரம் அதற்காகக் கட்டியதுதான். 1974-ல் வேலை தொடங்கி எண்பதுகளின் நடுவில் முடிந்தது. 65 மாடி. ஊரின் நடுவில் பல தெருக்களின் கடைவீடுகளை இடித்துவிட்டு எழுப்பினார்கள். அரசாங்க அலுவலகம், பஸ் நிலையம், கடைவளாகம் எல்லாம் ஒரே இடத்தில். நான் பிள்ளையாக இருந்தபோது தீபாவளித் துணிக்கு அங்கேதான் போவோம், நகரும் படிக்கட்டில் ஏறுவதற்காகவே போவோம். அப்புறம் கெர்னி பிளாசா, குவீன்ஸ்பே என்று புதிய கடைவளாகங்கள் வந்தன. கூட்டம் அங்கே போய்விட்டது. கொம்தாரின் பல தளங்களில் கதவு பூட்டிய கடைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு.

பாலம் வந்தது எல்லாருக்கும் நல்லதுதானே?

1985-ல் பினாங்குப் பாலம் திறந்தது. 13.5 கிலோமீட்டர். நல்லதுதான், யாரும் மறுக்க மாட்டார்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் கடல் தாண்ட முடிகிறதே, அது போதும்.

ஆனால் பட்டர்வொர்த்தில் நின்று பார்த்தால் கதை வேறு. அதற்கு முன், வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தீவுக்குப் போகும் ஒவ்வொருவரும் பாகானில் நின்றே ஆகவேண்டும். ரயிலை விட்டு இறங்கி, பெர்ரிக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு கோப்பி குடிப்பார்கள், ஒரு நாளிதழ் வாங்குவார்கள், பிள்ளைக்கு வடை வாங்குவார்கள். காத்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் அந்த ஊரின் வருமானம். பாலம் பிறைப் பக்கம் கடலில் இறங்கியதும் கார்கள் பாகானைத் தொடாமலே போக ஆரம்பித்தன. 2021 தொடக்கத்திலிருந்து பெர்ரியில் கார் ஏற்றுவதும் இல்லை. மோட்டார் சைக்கிளும் நடப்பவர்களும்தான்.

பாதை போட்டால் ஊர் வளரும் என்று பொதுவாகச் சொல்கிறோம். எந்த ஊர் என்று கேட்க வேண்டும். பாதை இரண்டு முனைகளை வளர்க்கும். நடுவில் இருந்து, அதுவரை நிறுத்தமாக இருந்த ஊரைத் தாண்டிப் போய்விடும்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது என்ன? அதை ஏன் இவ்வளவு வருத்தத்தோடு சொல்கிறீர்கள்?

போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் இருந்த காலத்தில், 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவோ குடியிருப்பவரைச் சட்டென்று வெளியேற்றவோ முடியாதபடி சட்டம் போட்டார்கள். 1966-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைத் தீபகற்ப மலேசியா முழுக்கத் தொடர்ந்தது. பினாங்கில்தான் அப்படிப்பட்ட கட்டடங்கள் மிக அதிகம், 12,000-க்கும் மேல்.

இதில் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மாதம் முப்பது, நாற்பது வெள்ளி (ரிங்கிட்) வாடகை வாங்கிக்கொண்டு, ஓடு மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழிக்க யார் முன்வருவார்கள்? ஒரே வாடகைதாரர் எடுத்து, உள்ளே பலகைத் தடுப்பு போட்டு, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்ததும் உண்டு. கூரை ஒழுகியது, படிக்கட்டு கறையான் அரித்தது. ஆனால் அந்தக் குறைந்த வாடகையால்தான் ஒரு பூக்கட்டுபவரும் ஒரு மாவரைப்பவரும் ஒரு தையல்காரரும் ஊரின் நடுவில், கோயிலுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் வாழ முடிந்தது. கீழே தொழில், மேலே குடும்பம். போக்குவரத்துச் செலவு கிடையாது.

1997-ல் சட்டத்தை நீக்க முடிவெடுத்தார்கள். 1999 முடிய அவகாசம். 2000 ஜனவரி 1-லிருந்து கட்டுப்பாடு இல்லை. அவகாசம் என்று கொடுத்த அந்த இரண்டு ஆண்டுச் சொச்சத்தில்தான் ஆசிய நிதி நெருக்கடி வந்து எல்லாரையும் அடித்தது. வீடு தேடிப் போக வேண்டிய நேரத்தில் கையில் காசு இல்லை.

எங்கள் வீட்டு வாடகை ஒரே கடிதத்தில் எட்டு மடங்கு ஆனது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அவருடைய பிள்ளைகள் கணக்கைப் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்பா ஒரு மாதம் பேசிப் பார்த்தார். அப்புறம் தையல் மெஷினை ஒரு லாரியில் ஏற்றி பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோனோம். பக்கத்து அறை ஆயா மகன் வீட்டுக்கு, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போனார். பதினைந்தாவது மாடி. தினம் காலையில் மாரியம்மனைப் பார்த்தவர், அதற்குப் பிறகு தைப்பூசத்துக்கு மட்டும்தான் கீழே இறங்கினார் என்று கேள்விப்பட்டோம்.

இதில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். சட்டத்தை நீக்கியது தப்பு இல்லை. போகிறவர்களுக்கு இடம் ஏற்பாடு செய்யாமல் நீக்கியது தப்பு. மாற்று வீடு, படிப்படியான உயர்வு, வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்கும் உதவி இந்த மூன்றையும் முதலில் வைத்திருந்தால், ஊர் பாதி காலியாகியிருக்காது.

காலியான வீடுகளுக்கு உடனே புதியவர்கள் வரவில்லையா?

இல்லை, அதுதான் கொடுமை. பல வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூடு எடுப்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். மனிதர்கள் சமைத்துத் தூங்கிய அறைகளில் ஈரமும் எச்சமும். பாரம்பரியப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற 2013 வரை ஆனது.

யுனெஸ்கோ அங்கீகாரம் ஊரைக் காப்பாற்றியதா?

கட்டடங்களைக் காப்பாற்றியது. 2008 ஜூலை 7-ஆம் தேதி நம் பழைய ஊரான ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளமாயின. இங்கே நடுப்பகுதி 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். அதன் பிறகு இஷ்டத்துக்கு இடிக்கவோ உயரமாகக் கட்டவோ முடியவில்லை. அந்த ஒரு தடை இல்லாவிட்டால் நாம் இன்று நடக்கிற தெரு பாதி கண்ணாடிக் கோபுரமாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு மத்திய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் கீழ் திங்க் சிட்டி அமைப்பு வந்தது. இரண்டு கோடி வெள்ளி மானியத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு கூரை, ஒரு முகப்பு, ஒரு ஐந்தடி, ஒரு கைத்தொழில் பதிவு. பெரிய கட்டடம் ஒன்று எழுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். தன் கையிலிருந்தும் போட்டால்தான் மானியம் என்றபோது வீட்டுக்காரர்கள் அக்கறையாகச் செய்தார்கள்.

2012-ல் எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். உங்களுக்கும் அந்த இடத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கும். அந்தச் சுவருக்கு முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்த பிறகு தெருவின் கணக்கே மாறிவிட்டது. கடைவீடுகளின் விலை ஏறியது, சிறு ஹோட்டல்கள் வந்தன, கஃபேக்கள் வந்தன.

அப்படியென்றால் ஊர் பிழைத்ததா? நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நடந்து போய், மேல்மாடி சன்னல்களைப் பாருங்கள். எத்தனையில் சமையல் வாசனை வருகிறது, எத்தனையில் துணி காய்கிறது, எத்தனையில் பிள்ளை படிக்கிற சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள். முகப்பு புதிதாகப் பளபளக்கும் தெருக்களில்தான் மேலே இருட்டாக இருக்கிறது. எண்ணிக்கொண்டே போய் ஒரு தெரு முழுக்க மூன்று விளக்கோடு முடிந்த நாள் உண்டு.

சுற்றுலாப் பயணிகள் செலவழிக்கும் பணம் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வந்து சேராதா?

சொந்தக் கடைவீடு வைத்திருப்பவருக்கு வந்து சேரும். வாடகைக்கு இருப்பவருக்கு வியாபாரம் ஏறும், அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையும் ஏறும். ஏறிய லாபம் வீட்டுக்காரரிடம் போய்விடும். ஒரே தெருவில், ஒரே மாலை கட்டுகிற இரண்டு பேரில் ஒருவர் நிலைத்ததும் ஒருவர் போனதும் எதனால் என்று கேட்டால், திறமையால் அல்ல, பட்டா யார் பேரில் என்பதால்தான்.

இன்னொன்று. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பயணிகளை மட்டும் நம்பிய கடைகள் ஒரே வாரத்தில் இருண்டன. அந்த மாதங்களிலும் திறந்திருந்தவை மளிகைக்கடை, மருந்துக்கடை, மாவரைக்கும் மில். குடியிருப்பவர்கள் இருந்த தெருவில் அவற்றுக்கு வேலை இருந்தது.

எங்கள் குடும்பம் பிறையில் இருக்கிறது. தீவுக்குக் கிடைக்கிற கவனம் எங்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லாரையும் எனக்குப் பிடிக்கும், நானும் இப்போது அந்தக் கரைக்காரன்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவில் சுமார் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர், செபராங் பிறையில் சுமார் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். பெரும்பான்மை நாம்தான். ஜார்ஜ்டவுன் 1957-லேயே மாநகரம் ஆனது. செபராங் பிறைக்கு மாநகரத் தகுதி 2019-ல்தான் வந்தது.

செபராங் பிறையில் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டைகள் தீவின் ஆலைகளுக்கும் முந்தியவை. இரும்பு, சர்க்கரை, துணி, துறைமுகம் என்று கையழுக்காகும் தொழில் எல்லாம் இந்தக் கரைக்கு வந்தது. ஆராய்ச்சியும் அதிகச் சம்பளமும் அந்தக் கரையில் தங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்களும் வந்து சேர்ந்தது பெரும்பாலும் இங்கேதான், மலிவு வீட்டுக்கும் ஒப்பந்த வேலைக்கும். காலை ஐந்தரைக்குப் பாலத்தில் நின்று பாருங்கள், மோட்டார் சைக்கிள்கள் ஆற்றுவெள்ளம்போல் தீவை நோக்கிப் போகும். 2019-லிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த உண்மையான உதவி. மழைக்கு ஒதுங்க இடம் இல்லை என்பது இன்னும் தீராத குறை.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தீவில் நிலம் தீர்ந்துபோனதால், 2014-ல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்த பிறகு, பத்து காவானில் புதிய ஆலைகள் வரிசையாக வந்தன. நம் ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அந்தப் பகுதியில் இப்போது சிப் செய்கிறார்கள், 2019-ல் ஐக்கியா கடையும் வந்துவிட்டது. பட்டர்வொர்த்தில் 2018-ல் பினாங்கு சென்ட்ரல் திறந்தது. பஸ், ரயில், பெர்ரி மூன்றும் ஒரே கூரைக்குப் பக்கத்தில். 2025-ல் வேலை தொடங்கிய எல்ஆர்டி இலகு ரயில் பாதையும் கடல் தாண்டி அங்கே வர இருக்கிறது. திங்க் சிட்டியின் மானியங்களும் சில ஆண்டுகள் முன்பே பட்டர்வொர்த்துக்கு நீண்டன, சந்துகளில் ஓவியங்கள் வந்தன.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சென்ட்ரல் கட்டடத்திலிருந்து பெர்ரிக்கு நடைபாலத்திலேயே போய்விடலாம். பழைய கடைவீதிக்கு இறங்கிப் போக ஒருவருக்கும் காரணம் இல்லை. 1985-ல் பாலம் செய்ததை இப்போது நடைபாலம் செய்துவிடக் கூடாது. ஒரு நல்ல நிழல்பாதையும் கடைவீதி வழியாகப் போகும் பஸ்ஸும் அதற்குப் போதும், கோடிகள் வேண்டாம்.

எல்லா ஊரையும் சமமாக வளர்க்க முடியாதா? ஏன் ஒரே இடத்தில் குவிகிறது?

ஓர் ஆலை வந்தால் அதற்குக் கருவி செய்பவர், அச்சு வார்ப்பவர், பழுது பார்ப்பவர் பக்கத்தில் வருவார்கள். அவர்கள் இருப்பதால் அடுத்த ஆலை வரும். வேலை மாறினாலும் வீடு மாறத் தேவையில்லை என்பதால் பொறியாளர்கள் அங்கேயே தங்குவார்கள். பாயான் லெப்பாஸில் ஐம்பது வருடம் இப்படிச் சேர்ந்ததை வேறோர் ஊரில் ஒரு அறிவிப்பால் உண்டாக்க முடியாது. சந்தைக்கடையில் பூக்கடைக்குப் பக்கத்தில் பூக்கடை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நாடு முழுக்கப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. 2022 கணக்கெடுப்பில் குடும்பங்களின் இடைநிலை (சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின்) மாத வருமானம் கோலாலம்பூரில் 10,234 வெள்ளி, பினாங்கில் 6,502, கெடாவில் 4,402, கிளந்தானில் 3,614. பாலத்தின் இந்த முனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கெடா எல்லையைத் தாண்டிவிடலாம். அதற்குள் இரண்டாயிரம் வெள்ளி வித்தியாசம். ஈப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், பெற்றோர் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வருமான வரியும் சுங்க வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சும் பெரிய வருவாய் நிலம்தான். ஆகவே மாநிலத்தை யார் ஆண்டாலும், நிலத்தை விற்பதும் கடலைத் தூர்ப்பதும் உயரமாகக் கட்ட அனுமதிப்பதும்தான் கைக்கு எட்டும் பணமாகத் தெரியும். ஒரு பழைய தெருவில் நூறு குடும்பத்தை இருக்க வைப்பதால் மாநிலப் பெட்டிக்கு ஒரு காசும் வராது. இந்த வரவு செலவு மாறாதவரை நல்லெண்ணம் உள்ளவர்கள் வந்தாலும் கை கட்டப்பட்டே இருக்கும்.

கம்போங் புவா பாலாவும் இந்தக் கதையில் சேருமா?

சேரும். குளுகோரில், மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கம்போங் அது. நகரம் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்ததும் நிலத்துக்கு விலை வந்தது. 2009-ல் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்க் குடியிருந்தவர்கள் தோற்றார்கள், அதே ஆண்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. கடைத்தெருவில் வாடகை செய்ததை அங்கே புல்டோசர் செய்தது. இரண்டிலும் காகிதம் வேறொருவர் பெயரில் இருந்தது.

நம் சமூகமாக நாம் எதுவும் செய்ய முடியுமா?

முடியும் என்று நம்புகிறேன், அதுவும் மற்ற எந்த நகரத்தையும்விட இங்கே. ஜார்ஜ்டவுனில் கணிசமான கடைவீடுகள் தனியாருக்குச் சொந்தமில்லை. கொங்சி எனும் சீனர் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்ஃபு, நம் கோயில்கள், 1906-ல் சட்டம் வழி தொடங்கிய அறப்பணி வாரியம் ஆகியவற்றிடம் இருக்கின்றன. இவை அந்தந்தச் சமூகம் தன் மக்களுக்காக ஒதுக்கியவை. அப்படியிருக்க, சந்தை விலையை அப்படியே கேட்க வேண்டிய கட்டாயம் இவற்றுக்கு ஏன்?

நான் கேட்பது இவ்வளவுதான். பத்தில் இரண்டு கடைவீட்டை, மேல்மாடியில் குடியிருக்கிற குடும்பத்துக்கு என்று நீண்டகால ஒப்பந்தத்தில் விடுங்கள். பழுதுபார்ப்புக்கு மானியம் கேளுங்கள். வாடகையைக் குடும்ப வருமானத்தோடு இணையுங்கள். கோயில் கமிட்டிக் கூட்டங்களில் கும்பாபிஷேகக் கணக்கு பேசும்போது இதையும் ஒரு வரியாக வையுங்கள். கமிட்டியில் இருக்கிற மாமாக்கள் பலர் இதே மேல்மாடிகளில் வளர்ந்தவர்கள், அவர்களிடம் இதைப் பேசினால் கண் கலங்கத்தான் கேட்கிறார்கள்.

என் பகுதியும் மாறப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதவுக் கம்பியில் எண் பூட்டுப் பெட்டி தொங்க ஆரம்பித்தால் கவனியுங்கள், உள்ளே தங்குபவர் வாரத்துக்கு ஒருவர் என்று அர்த்தம். கடனுக்குக் கொடுக்கிற மளிகைக்கடை மூடினால் கவனியுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்டு எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தை மாதாமாதம் என்று வைக்காமல் எழுத்தில், குறைந்தது மூன்று வருடத்துக்கு வாங்குங்கள். எங்கள் அப்பாவிடம் அந்த ஒரு தாள் இல்லை.

நடையின்போது ஏதாவது வாங்கலாமா? எங்கே வாங்குவது?

வாங்குங்கள். கடைக்காரரிடம் மேலே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் வீடுதான் என்றால் அங்கே வாங்குங்கள். தையல் வேலை இருந்தால் எடுத்து வாருங்கள். பெர்ரி ஏறி வருபவர்களை நான் அப்பா கடைக்கு அழைத்துப் போகிறேன். எண்பது வயதிலும் காலர் மாற்றித் தருகிறார், ஒரு வாரம் ஆகும்.